வெடிக்காத தோட்டா

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வெடிச் சத்தத்துக்குத் தயாராக இருக்கும் காதில் அந்தச் சின்னச் சத்தம் விழும்போது உண்டாகும் வெறுமையைத் துப்பாக்கி சுட்டுப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்து நிற்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

செம்பூரைச் சேர்ந்த அந்த 22 வயதுப் பெண்ணுக்கு அது முதலில் நேர்ந்தது 2024 ஜூன் கடைசியில், மும்பையை மழை முழுதாகப் பிடித்துக்கொண்ட வாரத்தில். 25 மீட்டர் பிஸ்டல் பயிற்சி. பெண்களுக்கான இந்தப் போட்டியில் மொத்தம் 60 ஷாட்கள். முதல் 30 நிதானச் சுற்று: ஐந்து ஷாட்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 வேகச் சுற்று. கையைத் தாழ்த்திக்கொண்டு நிற்க வேண்டும். 7 விநாடி சிவப்பு விளக்கு, பிறகு 3 விநாடி பச்சை. அந்த 3 விநாடிக்குள் கையை உயர்த்தி, குறி பார்த்து, ஒரே ஒரு முறை சுட வேண்டும். மறுபடி சிவப்பு. இப்படி ஐந்து முறை சேர்ந்தால் ஒரு தொடர். வேகச் சுற்றுதான் அவளுடைய பலம். அன்று நான்காவது தொடரின் இரண்டாவது ஷாட்டில் பச்சை எரிந்தது, கை உயர்ந்தது, விரல் இழுத்தது. டிக்.

சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். துப்பாக்கியைத் திறந்து பார்க்கவில்லை. முனை இலக்கின் பக்கமே இருக்க, மற்றக் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். மருந்து சில சமயம் தாமதமாகப் பற்றும். ஊசி விழுந்து ஒன்றிரண்டு விநாடி கழித்தும் தோட்டா வெடிக்கலாம். 'என்ன ஆச்சு?' என்று முனையைத் திருப்பிப் பார்ப்பவன் முகத்தில் வெடிக்கலாம். அதனால் அரை நிமிடம் சிலையாக நிற்பது ரேஞ்சுகளில் வழக்கம். போட்டியிலோ இன்னொரு காரணமும் உண்டு. ரேஞ்ச் அதிகாரி வந்து பார்ப்பதற்குள் கை வைத்துவிட்டால் அது 'அனுமதிக்கத்தக்க கோளாறு' ஆகாது. சுடாமல் போன ஷாட்டுக்குப் பூஜ்யம். ஒழுங்காகக் கையைத் தூக்கி நின்றாலும் 30 ஷாட் கட்டம் ஒன்றுக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. இரண்டாவது 'டிக்'குக்கு இரக்கம் கிடையாது.

ஜூலை நடுவில், ஒரு நாள் பயிற்சியில் மூன்று 'டிக்' வந்துகொண்டிருந்தது. தகுதிப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த பிஸ்டல் வீட்டுக்கு வந்த கதை தனி. மாட்டுங்காவில் கல்லூரியில் சேர்ந்தபோது என்.சி.சி.யில்தான் முதலில் பாயின்ட் 22 ரைபிளைத் தொட்டாள். மும்பையில் இது புதிய பாதை அல்ல. பக்கத்தில் தாதர் கீர்த்தி கல்லூரியில் என்.சி.சி. மாணவியாக இருந்த அஞ்சலி பாகவத், 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று வரை போனவர். இந்தப் பெண் ரைபிளிலிருந்து பிஸ்டலுக்கு மாறினாள். விளையாட்டு வீரர்களுக்கான உரிமம் கிடைக்கக் காத்திருந்து, வங்கியில் வேலை பார்க்கும் அப்பா பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்து, இறக்குமதி பிஸ்டல் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். தோட்டாவும் இறக்குமதிதான். ஒவ்வொரு தடவை விரலை இழுக்கும்போதும் அப்பாவின் பணம் புகையாகப் போகிறது என்று ஆரம்பத்தில் அவளுக்குத் தோன்றும். வெடிக்காதபோது இன்னும் அதிகமாகத் தோன்றியது.

பயிற்சியாளர் தன்னால் ஆனதைச் செய்தார். முதலில் தோட்டாவைச் சந்தேகித்தார். வேறு கம்பெனித் தோட்டா போட்டுப் பார்த்தார்கள், அதிலும் 'டிக்'. பிறகு சுத்தியலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார். உரிமம் பெற்ற கடை ஒன்றில் கொடுத்துப் புது ஸ்பிரிங் போட்டார்கள். பத்து நாள் துப்பாக்கி சொன்ன பேச்சுக் கேட்டது. பதினோராவது நாள் பழைய கதை. அதற்குப் பிறகு பயிற்சியாளர் துப்பாக்கியை விட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார். "பிடி தளர்கிறதா?" என்று கேட்டார்.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கேள்விதான். ஏனென்றால் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. தோட்டா வெடிக்காதபோது துப்பாக்கி அசையக் கூடாது. அசைப்பதற்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு 'டிக்'கின்போதும் அவள் பிஸ்டலின் முனை வெடுக்கென்று கீழே குனிந்தது. வரப்போகும் உதைப்பை மணிக்கட்டு முன்கூட்டியே எதிர்த்து அழுத்துகிறது. வெடித்தால் அந்த உதைப்பே இதை மறைத்துவிடும், சுடுகிறவருக்கே தெரியாது. வெடிக்காத தோட்டாதான் காட்டிக்கொடுக்கும். எத்தனை மாதமாக இப்படிக் குனிகிறதோ? துப்பாக்கியின் பழுதைச் சொல்லப் போனால் கையின் பழுதும் சேர்ந்து வெளியே வரும். அவள் வாயை மூடிக்கொண்டாள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டாள். மழைக்காலம், துரு பிடிக்கும் என்ற பயம் வேறு. தினமும் போட்டாள்.

ஜூலை 28 ஞாயிற்றுக்கிழமை. தாராவியிலிருந்து தாத்தாவும் ஆச்சியும் வந்திருந்தார்கள். வழியில் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைப்பூ சமையலறையில் ஆய்ந்தாகிவிட்டது. மூன்றரை மணிக்கு எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸ், பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று. மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வாங்கினார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து கூச்சல் கேட்டது. இவள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

"என்ன பிள்ளே, நம்ம நாட்டுப் பிள்ள ஜெயிச்சிருக்கா, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" தாத்தா பின்னாலேயே போனார்.

தாத்தாவைப் பற்றி இரண்டு வரி. 78 வயது. 1960களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறித் தாராவிக்கு வந்தவர். தோல் பை தைக்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தைப்பதைவிட, தைக்காமல் நின்றுபோன மிஷினில்தான் தனக்கு ஆசை என்று சீக்கிரமே கண்டுகொண்டார். தோல் மிஷின், பிறகு ஆயத்த ஆடை மிஷின், கால் மிதி போய் மோட்டார் வந்தது, எல்லாவற்றையும் திறந்து பார்த்தாகிவிட்டது. 90 அடி ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை. இன்றும் தினம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பேத்தி இந்த விளையாட்டில் இறங்கியபோது, "வீணை கத்துக்கக் கூடாதா?" என்று கேட்டதோடு சரி.

அவள் முதலில் டோக்கியோ கதையைச் சொன்னாள். அது சுலபம், தன்னைப் பற்றியது அல்ல. 2021 ஜூலை 25. இதே மனு பாக்கர், இதே ஏர் பிஸ்டல் போட்டி. தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கியின் மின்னணு டிரிகரில் ஒரு பாகம் உடைந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மும்பைக்காரரான பயிற்சியாளர் ரோனக் பண்டிட்டுடன் ஓடிப்போய்ச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து மீதி ஷாட்களை அவசரமாகச் சுட்டார். 575 புள்ளி, 12ஆவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இரண்டே புள்ளியில் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 19. அதற்குப் பிறகு அவரைப் பற்றி நாட்டில் பேசப்பட்டதில் துப்பாக்கி உடைந்தது பாதி, அவர் மனம் உடைந்தது பாதி.

"அவளுக்குத் துப்பாக்கிதான் ஒடஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும் தாத்தா. எனக்கு எது ஒடஞ்சிருக்குன்னே தெரியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், முனை குனிந்ததைத் தவிர.

"எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார் தாத்தா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அங்கேதான் அப்பா குறுக்கிட்டார். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆவது பிரிவு. துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் அரசின் உரிமம் வேண்டும். சொந்தப் பேத்தியின் துப்பாக்கியாக இருந்தாலும் சரி. பிஸ்டல் அலமாரியில் பூட்டியபடியே இருக்கும், சாவி அவளிடம்தான். அப்பா வங்கிக்காரர், விதி என்றால் விதி. தாத்தாவுக்குச் சுருக்கென்றது. "அறுபது வருசமா ஒருத்தன்ட்டயும் லைசென்ஸ் கேட்டு மிஷினத் தொறந்ததில்ல" என்று முனகினார். பிறகு, "சரி, தொறக்கல. கேக்கதுக்கு லைசென்ஸ் வேணுமாலே?" என்றார் மகனைப் பார்த்து.

அதற்கு வேண்டாம். கேட்க ஆரம்பித்தார். ஒரு நல்ல மெக்கானிக் எப்படிக் கேட்பார் என்பதை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தார்கள். கடையில் அவர் மிஷினோடு பேசுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி: தோட்டாவுக்கு நெருப்பு எங்கேயிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தது. சிக்கிமுக்கிக் கல்லின் பொறி பட்டு மருந்து எரிந்து பிறகு குண்டு கிளம்பும். அந்தப் பொறியைப் பார்த்தே பறவைகள் பறந்துவிடுகின்றன என்று சலித்துப்போனவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். வேட்டைப் பிரியர். அடித்தால் தானே வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கியில் புகுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். பாதிரியாருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். ஆனால் இன்றுள்ள எல்லாத் துப்பாக்கியும் அந்த அடியில்தான் நிற்கிறது. போலீஸ் பிஸ்டல் தோட்டாவின் பின்புறம் நடுவில் பிரைமர் என்ற சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். ஊசி அதைக் குத்தும். பாயின்ட் 22 தோட்டாவில் தனிக் கிண்ணம் கிடையாது. பின்விளிம்பின் மடிப்புக்குள்ளேயே ரசாயனத்தைச் சுழற்றிப் படிய வைத்திருப்பார்கள். ஊசி விளிம்பைப் போட்டு நசுக்க வேண்டும். எந்த வகையானாலும் போதுமான வேகத்தில் அடி விழுந்தால்தான் பற்றும். குறைந்தால் ஒரு பள்ளம் மட்டும் விழும். சுடுகிறவர்கள் இதை 'லைட் ஸ்ட்ரைக்' என்பார்கள். மெலிந்த அடி.

இது பெரிய இடத்திலும் நடக்கும். 2019 ஆகஸ்ட் 21 அன்று பீகார் சுபோல் மாவட்டத்தில் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ் குமார் பார்த்துக்கொண்டிருக்க, போலீஸார் 22 ரைபிள்களை வானத்தை நோக்கி உயர்த்தி விசையை இழுத்தார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. 22 துப்பாக்கியின் ஊசியும் ஒரே நாளில் மெலிந்துபோகாது என்பதை யாரும் ஊகிக்கலாம். ஒரே சமயத்தில் எல்லாம் பொய்த்தால் சந்தேகம் தோட்டா மேல். ஒரே துப்பாக்கி, எந்தத் தோட்டா போட்டாலும் விட்டு விட்டுப் பொய்த்தால்?

"முத அடியில வெடிக்காததத் திரும்ப அடிச்சுப் பாத்தீங்களா?"

பயிற்சியின்போது, காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்துவிட்டு, பயிற்சியாளர் முன்னிலையில் பார்த்திருந்தார்கள். பெரும்பாலும் இரண்டாவது அடியில் வெடித்தது.

"தோட்டாவத் திருப்பி வச்சா, அப்படியே வச்சா?"

அப்படியே. இது முக்கியமான கேள்வி என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. விளிம்பில் ரசாயனம் சரியாகப் பரவாத தோட்டா என்றால் ஊசி விழுந்த இடத்தில் மருந்தே இருக்காது. அதே இடத்தில் எத்தனை அடித்தாலும் பற்றாது. திருப்பி வைத்து அடித்தால்தான் பற்றும். அதே இடத்தில் இரண்டாவது அடிக்கு வெடிக்கிறது என்றால் மருந்து அங்கே இருக்கிறது, முதல் அடிதான் போய்ச் சேரவில்லை.

"எப்பம் வருது? ஆரம்பத்துலயா, போகப் போகவா?"

போகப் போக. முதல் 30 ஷாட்டுக்குள் வந்ததே இல்லை. 40க்குப் பிறகுதான். அதனால்தான் வேகச் சுற்றில் மட்டும் வந்தது. அதனால்தான் அவள் தன் கையைச் சந்தேகித்தாள். அவசரத்தில் தப்பு செய்கிறோம் என்று.

"படம் வச்சிருக்கியா?"

வெடிக்காத தோட்டா ரேஞ்சைத் தாண்டி வரக் கூடாது. அதற்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆனால் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், வெடித்த காலி உறையையும் வெடிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. தாத்தா பழக்கதோஷத்தில் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து போன் மேல் வைத்தார். அவள் சிரித்துவிட்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெடித்ததில் ஊசித் தடம் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. வெடிக்காததில் மேலாக, மொண்ணையாக. தாத்தா ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்து படத்தையும் பார்த்தார். காபி ஆறிப்போயிற்று.

"இதென்ன கோடு?" என்றார். வெடித்த உறைகளின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கீறல். எல்லாவற்றிலும், ஊசித் தடத்துக்கு நேர் கீழே. அவள் அதைக் கவனித்ததே இல்லை. தாத்தாவுக்கும் அதற்குக் காரணம் தெரியவில்லை. "குறிச்சு வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் ஊசிக் கதையைச் சொன்னார். அதாவது தையல் ஊசி. தாராவியில் வாரத்துக்கு நான்கு பேராவது, தையல் விட்டு விட்டு விழுகிறது என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நூலை மாற்றியிருப்பார்கள், டென்ஷனைத் திருகியிருப்பார்கள், பாபின் கேஸைப் புதிதாக வாங்கியிருப்பார்கள். பல தடவை பார்த்தால் ஊசி மேலே முழுதாக ஏறி உட்கார்ந்திருக்காது. மயிரிழை கீழே நிற்கும். கொக்கி வந்து நூலைப் பிடிக்கிற நேரத்தில் நூல் அங்கே இருக்காது. "மிஷின் நல்லாத்தான் இருக்கும். ஊசி நல்லாத்தான் இருக்கும். உக்கார வேண்டிய எடத்துல உக்காரலன்னா என்ன செய்யும்? ஒன் தோட்டா முழுசா உள்ள போய் உக்காரல. முத அடி அதத் தள்ளி உக்கார வைக்கதுக்கே செலவாயிருது. ரெண்டாவது அடிதான் அடி."

ஏன் உட்காரவில்லை? பாயின்ட் 22 குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட மெழுகும் ஈயத் துகளும் கரியும் தோட்டா உட்காரும் அறையின் வாயில் வளையமாகப் படியும். 40 ஷாட்டில் அது தடிப்பாகிவிடும். அது போக எண்ணெய். தினமும் எவ்வளவு விடுவாய் என்று கேட்டார். சொன்னாள். தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். ஊசி ஓடும் குழலுக்குள் எண்ணெயும் கரியும் சேர்ந்து வண்டிமை மாதிரி ஆகியிருக்கும். அந்தச் சேற்றில் நீந்தி வருகிற ஊசிக்கு வேகம் எங்கேயிருந்து வரும்?

"அப்ப ஸ்பிரிங் மாத்தினதும் பத்து நாள் ஏன் தாத்தா நல்லா இருந்துது?"

"ஸ்பிரிங் மாத்துனவன் கழுவாமலா குடுத்திருப்பான்? கழுவுனதுல சரியாச்சா, ஸ்பிரிங்ல சரியாச்சான்னு எப்படிச் சொல்லுவே? ஒரே நேரத்துல ரெண்டு வேல பாத்தா எந்த வேல கேட்டுதுன்னு மிஷின் சொல்லாது பிள்ளே."

மறுநாள் அப்பா அரை நாள் விடுப்பு எடுத்தார். துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் உள்ள வேறொரு பழைய கடைக்கு மூவரும் போனார்கள். தாத்தா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அழைத்தும் போகவில்லை, ரோஷம். கடைக்கார முதியவர் இந்தியில், பேத்தி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம், அப்படித்தானே?" என்றார். பிரித்தார். ஊசிக் குழலிலிருந்து ஒரு துணி நிறையக் கறுப்பு விழுது வந்தது. அறை வாயில் கரி வளையம் இருந்தது. தாத்தா சொன்னது இரண்டும் சரி.

மூன்றாவதை அவரும் சொல்லவில்லை. கடைக்காரர் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். அறையின் விளிம்பில், ஊசி விழும் இடத்தில், உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கிக் கடுகளவுகூட இல்லாத ஒரு மேடு. அதுதான் ஒவ்வொரு உறையிலும் கோடு கிழித்தது. தோட்டாவை முழுதாக நுழையவிடாமல் பிடித்ததும் அதுதான். சுத்தமாக இருக்கும்போது எப்படியோ நுழைந்துவிடும். கரியும் சேர்ந்தால் முடியாது. "வீட்டில் காலியாகச் சுடுவாயா?" என்று கேட்டார்.

சுடுவாள். இரண்டு வருடமாக, தினமும் இரவு, படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளி ஒட்டி, தோட்டா இல்லாத பிஸ்டலை நூறு முறை உயர்த்தி இழுப்பாள். எல்லாச் சுடுவீரர்களும் செய்கிற பயிற்சிதான். அதற்கென்று அந்த பிஸ்டலில் தனி அமைப்பே இருந்தது, ஊசி விழாமல் டிரிகர் மட்டும் இயங்கும். இழுக்கும்போது அசல் மாதிரி இல்லை என்று அவள் அதைப் பயன்படுத்தவில்லை. பாயின்ட் 22இல் ஊசி விளிம்பைக் குத்துவது. குத்துவதற்குத் தோட்டா இல்லாவிட்டால், பிஸ்டலைப் பொறுத்து, அறையின் விளிம்பையே குத்தும். நூறு நூறாக இரண்டு வருடம். கையைத் திருத்த அவள் செய்ததெல்லாம் துப்பாக்கியில் போய்ச் சேர்ந்திருந்தது.

வழவழப்பான ஓர் எஃகுக் கம்பியை அறைக்குள் செலுத்தி, பிதுங்கிய விளிம்பைக் கடைக்காரர் மெல்ல அதன் இடத்துக்கே தள்ளி உட்கார வைத்தார். ராவவில்லை. ராவினால் உலோகம் போய்விடும், தள்ளினால் திரும்பி வரும் என்றார். அரை மணி நேர வேலை. கூலி, போட்ட ஸ்பிரிங்கின் விலையில் பாதிகூட இல்லை.

வெளியே வந்து தாத்தாவிடம் கோட்டின் ரகசியத்தைச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில், "அவன் கம்பி என்ன தடிமன் இருந்துது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் 300 தோட்டா சுட்டாள். ஒரு 'டிக்'கூட இல்லை. நாலாம் நாள் பயிற்சி முடிந்த பிறகு பயிற்சியாளரிடம் போய் நின்று, முனை குனிவதைச் சொன்னாள். துப்பாக்கி சரியாகிவிட்டது, இனி யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். மறுநாளிலிருந்து மாகசினை அவரே நிரப்பிக் கொடுத்தார். ஐந்தில் ஒன்றோ இரண்டோ மருந்தில்லாத போலித் தோட்டா. எது என்று அவளுக்குத் தெரியாது. சுட்டுக்கொண்டே போவாள். திடீரென்று 'டிக்'. முனை குனிந்ததா? குனிந்தது. மறுபடி. ஒரு மாதமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ அதையே விலைகொடுத்து வாங்கிக் கேட்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்று. மனு பாக்கர் மூன்றாவது இடத்துக்கான சமன் முறிப்பில் ஹங்கேரியின் வெரோனிகா மேயரிடம் தோற்று நான்காவதாக வந்தார். இந்த முறை இவள் டிவி முன்னாலிருந்து எழவில்லை.

தகுதிப் போட்டி ஆகஸ்ட் மூன்றாவது வாரம். 60 தோட்டாவும் வெடித்தன. வேகச் சுற்றில் அவளுடைய பழைய சிறந்த எண்ணிக்கையைவிட நாலு புள்ளி குறைவு. மணிக்கட்டு இன்னும் முழுதாக அடங்கவில்லை. தேவையான எண்ணிக்கையை ஒரு புள்ளி கூடுதலாகத் தொட்டாள். அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை என்று சொன்னார்; கூரைக்குக் கீழேதான் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிறு தாராவிக் கடைக்குப் போய், சுத்தம் செய்ய ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். தாத்தா, தையல் மிஷினில் பஞ்சு எடுக்கும் நைலான் பிரஷ் இரண்டு, புதிது, பிரித்துக் கொடுத்தார். பழைய பனியன் துணியில் ஒரு கட்டும் சுற்றி வைத்தார். அவள் கை மேசை மேலிருந்த எண்ணெய்க் குப்பியின் பக்கம் போனது. தாத்தா அதை எடுத்து மேல் தட்டில் வைத்தார், அவளுக்கு எட்டாத உயரத்தில்.